பதினோராவது கால்

ஆலத்தம்பாடியிலிருந்து ஓர் அஞ்சலட்டை.
பென்சிலில் எழுதி, எச்சில் தொட்டு அழித்து,
அதன்மேலேயே மறுபடி எழுதியது.

"படம் போடுறவங்களுக்கு,
மூணாவது புத்தகம் பதினெட்டாம் பக்கத்துல
நண்டுக்குக் கொடுக்கோட சேர்த்துப் பதினோரு கால் இருக்கு.
எங்க வயல் நண்டுக்குப் பத்துதான்.
பிடிச்சு எண்ணிட்டுத்தான் எழுதுறேன்.
அப்போ அதுக்குப் பின்னாடி இன்னொருத்தன் ஒளிஞ்சிருக்கான்.
'அன்னிக்கு ராத்திரி நான் தனியாத்தான் இருந்தேன்'னு
நண்டு சொன்னது பொய்.
எலி பாவம்.
இப்படிக்கு
செ. கனியமுதன், நான்காம் வகுப்பு."

புத்தகத்தை எடுத்து
விரல் வைத்து எண்ணினேன்.
பதினொன்று.

அந்தப் பக்கம் ஐப்பசியில் வரைந்தது.
மன்னார்குடியில், உரக்கடை மாடியில்,
மூன்று நாள் மழைக்கு வண்ணம் காயாமல்
தாளைத் தூக்கி மின்விசிறிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.
கரண்ட் போனது.
வந்தபோது
எந்தக் காலில் விட்டேன் என்று பார்க்காமல்
தொடர்ந்திருப்பேன்.

கதை எழுதுவது ஜெய்னம்பு, கூத்தாநல்லூர்க்காரி.
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
மூட்டைக்கு இரண்டு கிலோ எங்கே போகிறது என்று
பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பவள்
பேசாததையெல்லாம் விலங்குகளிடம் கொடுத்தாள்.
முதல் புத்தகத்தின் திருடன்
தராசுத் தட்டுக்கு அடியிலிருந்து
முதுகால் முட்டுக்கொடுத்த ஆமை.

துப்பறிவது சம்பங்கி என்னும் கானாங்கோழி.
வெள்ளை மார்பைப் பார்த்து
வக்கீலாக்கலாம் என்றாள் ஜெய்னம்பு.
வாலைத் தூக்கித் தூக்கி
எல்லாம் தெரிந்த மாதிரி நடக்கிற நடைக்கு
இந்த வேலைதான் என்றேன் நான்.

அச்சகத்தில் இரண்டு மைதான் கட்டுப்படியானது.
நாற்றங்கால் பச்சை,
நட்டு வேர்பிடித்த பச்சை,
கதிர் வருமுன் கறுக்கிற பச்சை
எல்லாவற்றுக்கும் ஒன்றே.
மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள்.
பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

போனில் வாசித்துக் காட்டினேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
லாரியில் மூட்டை விழும் சத்தம் மட்டும் வந்தது,
நாலைந்து மூட்டை.
பிறகு சொன்னாள்:
"வரப்புல இருந்த ஓட்டை
நண்டு வளையா எலி வளையான்னு
நான் போய்ப் பார்க்கவேயில்லடி.
எலின்னா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்கன்னு
எழுதிட்டேன்."

ஆயிரத்து இருநூறு படிகளில்
ஒரு வருஷமாக எலி கூண்டுக்குள் இருக்கிறது.
முழுப்பக்கப் படம்.
கம்பிக்கு வெளியே நீட்டிய அந்த மீசையை
இழை இழையாக வரைந்தவள் நான்.
எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆகவே நான்காம் புத்தகத்தில்
வழக்கு திரும்பவும் எடுக்கப்படுகிறது.
முதல் நண்டுக்குப் பத்துக் கால்.
இரண்டாவதற்கு ஒன்பதை மறைத்து
ஒன்றை மட்டும் வெளியே விடவேண்டும்,
இம்முறை தெரிந்தே.
அது சுலபமாக வந்துவிட்டது.

கடைசிப் பக்கத்துக்கு ஜெய்னம்பு அனுப்பியது ஒரே வரி:
"தப்பு என்னோடது" என்றது சம்பங்கி.
மிச்சம் முழுக்கப் படம்.

வாலைத் தூக்கிக்கொண்டு
மன்னிப்புக் கேட்க முடியாது.
தாழ்த்தி வரைந்தால் வேறு பறவையாகிவிடுகிறது,
நோய்வந்த நாட்டுக்கோழி மாதிரி.
அழித்து அழித்து
அந்த இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டது.

எட்டு நாளாகக் காலையில்
பாமணியாற்று மதகருகே
நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.
கோரைக்குள்ளிருந்து ஒன்று வருகிறது.
வால் மேலே.
நத்தையைக் கொத்துகிறது. வால் மேலே.
பஸ் ஹாரனுக்கு ஓடுகிறது, அப்போதும்.
ஒருநாள் மழையில் நனைந்து நின்றது.
அன்று கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது,
உறுதியாகச் சொல்லமுடியாது.

இன்று ஓர் அஞ்சலட்டை வாங்கினேன்.
அன்புள்ள கனியமுதன்,
உங்கள் வயல் பக்கம் கானாங்கோழி வருமா?
எப்போதாவது வாலைத் தாழ்த்துமா?
பிடிக்க வேண்டாம்.
தூரத்திலிருந்து பார்த்து எழுது.