கை எட்டாத இடம்

முதலில் வாங்கியது பிளாஸ்டிக்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில், நூற்றெண்பது ரூபாய்.
ஒரே மடிப்பை மூன்று தரம் கவ்வி
மூன்று பொய் சொன்னது.

இரண்டாவது இரும்பு. வட்ட முகம், விறைத்த ஸ்பிரிங்.
வாய்க்குள் ஸ்கேலை வைத்துச் சோதித்தேன்:
பத்து என்றால் பத்து.

குளிக்கும் முன், வலது பக்கம், பேனாப் புள்ளி வைத்து
தோலோடு கொழுப்பை மட்டும் கிள்ளித் தூக்கி
விரலுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கவ்வவேண்டும்.
ஒண்ணு, ரெண்டு எண்ணி
முள்ளைப் படிக்கவேண்டும்.

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவனுக்கு
இதில் என்ன புதிது?
பட்டை எதுவரை, தடி எங்கே தொடங்குகிறது
என்பது என் கத்திக்குத் தெரியும்.

தொப்புளருகே இருபத்தாறு.
தொடை பதினெட்டு.
மரச்சீனியும் நெத்திலியும் போன வழி தெரிந்துவிட்டது.

தோள்பட்டை எலும்புக்குக் கீழேதான்
என் கை எட்டாது.

சீட்டுப் பணத் தகராறு.
பதினோரு நாளாய்ப் பேச்சில்லை.
இன்று மழை, வெட்டு இல்லை.
அடுக்களை வாசலில் சட்டையில்லாமல்
முதுகைக் காட்டி நின்று
கருவியைப் பின்னால் நீட்டினேன்.

ரெஜிலா மீன் கையைக் கழுவுவது கேட்டது.
ஈர விரலில் மடிப்பு வழுக்கியது.
நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடி கிள்ளினாள்,
அளவுக்குத் தேவையானதைவிடக்
கொஞ்சம் பலமாகவே.

"பத்தொம்பது."

"மூணு பிராவசியம் எடுக்கணும்" என்றேன்.

பத்தொன்பது, இருபத்தொன்று, பதினெட்டரை.
சராசரி போடவில்லை.
மூன்றையும் அப்படியே எழுதிவைத்தேன்,
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.