கடிகூடை

வியன்னாவில் இதற்குப் பெயர் கடிகூடை.
பூட்டு என்று யாரும் சொல்வதில்லை.
கூடை என்றால்
உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா,
அங்கிருந்துதான் தொடங்கினேன்.

முதல் நாள் சமையலறைத் தரையில் வைத்தேன்,
அடியில் ஒரு விரல் ஈரல் பசை.
கிரென் பார்த்தாள்.
கூடையை அல்ல, என் கட்டைவிரலை.
ஐந்து தையல்.
சீழ் கட்டிய கடைவாய்ப் பல்லை
கேட்காமல் தொட்டவள் நான்.

டாக்டர் ஹெட்விக் நாள் குறித்திருந்தார்:
பன்னிரண்டாம் தேதி, காலை பத்தரை.
கூடையோடு வா, இல்லையென்றால்
எனக்குத் தையல் போட நீயே ஆள் பிடி.
அவரிடம் போக டிராம்தான்.
டிராமிலும் கூடை இல்லாமல் ஏற்ற மாட்டார்கள்.
இருபத்துமூன்று நாள் இருந்தது.

எதிர்வீட்டு நவ்ராட்டில்
மாடிப்படியில் நின்று யோசனை சொன்னார்:
தலையை இடுக்கிப் பிடி, மாட்டு, இழு.
ஐந்து நொடி வேலை.
அவர் மனைவி அவரோடு பேசி
ஆறு வருஷம் ஆகிறதென்று
கட்டடத்துக்கே தெரியும்.

கூடை அவளிடம் போகக் கூடாது.
அவள்தான் கூடையிடம் வர வேண்டும்.
மூக்கு நுழைந்ததும் "ஆம்" என்பேன்,
ஒரே சொல், ஒரே குரல்,
சொல் முடிவதற்குள் பாலாடைக்கட்டி.
எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்,
கதவு இல்லாத வீட்டில்
யாரைத் தடுப்பது.

இரவில் எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
விரிப்பின் மூலையோடு மூலை சேர்க்கும்போதும்
வாய் எண்ணிக்கொண்டே இருக்கும்:
இரண்டு நொடி. நான்கு. ஏழு.
கொக்கியின் 'டிக்' சத்தத்தை மட்டும்
அடுத்த அறையில் தனியாகப் பழக்கினேன்.
டிக், ஒரு துண்டு. டிக், ஒரு துண்டு.
மூன்றாம் நாள்
பேனா மூடியைத் திறந்தாலும் ஓடி வந்தாள்.

ஒன்பதாம் நாள் நான் கெடுத்தேன்.
வேலைக்கு நேரமாகிவிட்டது,
நேற்றைவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைத்து
வாரை இழுத்துக் கொக்கி போட்டுவிட்டேன்.
முன்கால் இரண்டாலும் முகத்தைப் பிறாண்டி
சுவரில் மோதி
கட்டிலுக்கு அடியில் போனவள்
நான் கழற்றிவிட்ட பிறகும்
மறுநாள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.
தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.
எங்களுக்கு நடுவில் தூசி,
தொலைந்துபோன என் காலுறை ஒன்று.
கையை நீட்டவில்லை.
நீட்டாமல் இருப்பது
அவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

மறுபடி தரை.
மறுபடி ஒரு விரல் பசை,
அதே கட்டைவிரலால்.

பன்னிரண்டாம் தேதி டிராமில்
ஒரு பையன் அம்மாவைக் கேட்டான், கடிக்குமா?
அம்மா அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது:
பல், சீழ், ஒன்பதாம் நாள்.
கிரென் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
கம்பியில் ஒட்டியிருந்த பசையை
உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் போல்
நக்கிக்கொண்டிருந்தாள்.

பல்லை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.
பழுப்பு நிறம், மூன்று வேர்.
இவ்வளவு சின்னதா.

இப்போது கூடை ஆணியில் தொங்குகிறது.
தையல் பிரித்தாயிற்று, தழும்பு அரிக்கிறது.
சில நாள், அதிகாலை மூன்றரைக்கு,
நான் வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது
ஆணிக்குக் கீழே போய் உட்கார்ந்து
மேலே பார்க்கிறாள்.
எடுத்துக் கவிழ்த்துக் காட்டுகிறேன்,
பார், ஒன்றும் இல்லை.
இருந்தும் மூக்கை உள்ளே விட்டு
அப்படியே இருக்கிறாள்,
ஏழு நொடி, பதினொன்று, இருபது.

ஃபிரிட்ஜில் ஈரல் பசை தீர்ந்துவிட்டது.
என் ரொட்டிக்கு வைத்திருந்த வெண்ணெயை
எடுக்கிறேன்.