அரை கிராம்

தேக்காவில் வாங்கியதாம்.
விலைச்சீட்டை நகத்தால் சுரண்டியிருந்தார் வத்சலா அக்கா,
ஒரு '2' மட்டும் மிச்சம்.
தெம்பனிஸிலிருந்து நீல ரயிலில்
இந்தக் கடைசி நிறுத்தம்வரை
கைப்பையின் உள்ஜிப்பில் வந்த டப்பா,
என் கட்டைவிரலைவிடச் சிறியது.

"பாலில் ரெண்டு இழை. ராத்திரி மட்டும்.
பிள்ளை தகதகன்னு பிறக்கும்."

ஏழு மாதம் எனக்கு. தலையாட்டினேன்.
நாத்தனாரிடம் தலையாட்டுவதை
மூச்சுப் பயிற்சியோடு சேர்த்துச் செய்துவிடுகிறேன்.

வேலை தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில்.
நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களில்
நிறம் பார்ப்பவளிடம்
நிறத்துக்கு யாராவது வாக்குக் கொடுத்தால்
குளிர்ந்த நீரில் போட்டுப் பார்க்கத்தான் தோன்றும்.
போட்டேன்.
சாயமென்றால் உடனே சிவப்பைக் கக்கியிருக்கும்.
இது அசையவில்லை.
நேற்றைய தட்டுகளைக் கழுவி முடிக்கும்வரை
கிளாஸில் ஒன்றுமே இல்லை.
பிறகு நுனியிலிருந்து
மஞ்சள், சோம்பேறிப் புகைபோல.
இழை மட்டும் சிவப்பாகவே கிடந்தது
எதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமல்.

அசல்தான்.
அதுதான் எரிச்சலாக இருந்தது.

போன வார ஸ்கேனில்
பிள்ளை கறுப்பு வெள்ளையில் கொட்டாவி விட்டது.
நானும் குணசீலனும் விரல்களை எண்ணினோம்.
"குடிச்சாத்தான் என்ன, பால்தானே"
என்கிறார் அவர், இரவு ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டியபடி.
பால்தான்.
ஆனால் இந்த நிறத்துக்குள்
முப்பத்தோரு வருடம் இருந்திருக்கிறேன் நான்.

ஞாயிறு மதியம்
அக்காவையும் மகளையும் சாப்பிட வரச் சொன்னேன்.
டப்பாவை அப்படியே இடிகல்லில் கவிழ்த்தேன்.
ஒரு சிட்டிகை சீனி. நசுக்கி,
வெந்நீர் மூன்று கரண்டி விட்டு, மேலே தட்டு.
முக்கால் வேக்காட்டில் வடித்த பாஸ்மதியை
வெண்ணெய் உருகிய சட்டியில் குவித்து
அந்த நீரை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றினேன்.
மூடியில் துணி கட்டினேன்.
எல்ஆர்டி வளைவில் திரும்பும் கிறீச்
ஒன்பது முறை கேட்டபின் அணைத்தேன்.

என்ன வாசனை அது?
வைக்கோலா, தேனா, பழைய மருந்துக்கடையா?
எதிர்வீட்டு ரொஹாயா கம்பிக்கதவில் மூக்கை வைத்து
மலாயில் ஏதோ கேட்டார்.
ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போனது.

அக்கா சோற்றைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"முழுசுமா?"
"முழுசும்."

சண்டைக்கு வாக்கியங்கள் தயார்.
காலையிலிருந்து வெங்காயத்தோடு நறுக்கி வைத்தவை.

சட்டியடியில் முறுகிய பொருக்கைக்
கரண்டியால் பெயர்த்துக்கொண்டிருந்தாள் மதுரிகா,
அக்காவின் மகள், பதினான்கு,
என்னைவிட இரண்டு மடங்கு கறுப்பு,
பள்ளி வலைப்பந்து அணியில் கோல் போடுபவள்.

"இவளுக்கு ஒன்பது மாசமும் குடிச்சேன்"
என்றார் அக்கா.

மின்விசிறி மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
பிறகு வாயில் பொருக்கோடு மதுரிகா,
"கடைக்காரன்கிட்ட ரீஃபண்ட் கேளும்மா."
சிரித்ததில் எனக்குள்ளும் ஓர் உதை.

சிரிப்பு அடங்கிய பிறகுதான்,
தட்டைப் பார்த்தபடி அக்கா:
"எனக்கு யாரும் வாங்கித் தரல. நானே போய் வாங்கினேன்.
வாந்தி நிக்காத நாள்ல
இந்த வாசனை ஒண்ணுதான் உள்ள இறங்குச்சு.
உனக்குக் குடுக்கும்போது
வேற என்ன சொல்லிக் குடுக்கிறதுன்னு தெரியல."

நறுக்கி வைத்த வாக்கியங்களை
எங்கே கொட்டுவதென்று தெரியாமல்
அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன்.
போதும் போதும் என்றார், கையை எடுக்காமல்.

டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து மதுரிகா தட்டினாள்.
மூலையில் ஓர் இழை ஒட்டியிருந்தது.
பால் காய்ச்சினோம். ஒற்றை இழை, மூன்று கிளாஸ்.
ஊற்றும்போது யாருடையதில் விழுந்தது என்று
யாரும் பார்க்கவில்லை.

தன்னுடையதில்தான் என்கிறாள் மதுரிகா.