வலி நோட்டு

பெயர் என்னவோ பேச்சி,
படித்துறை அம்மன் பெயர்.
தலைவலி வந்துவிட்டால்
ஒரு சொல் பேச மாட்டாள்.

எனக்குத் தொழில் வெளிச்சமும் சத்தமும்.
சிம்மக்கல்லில் கடை.
சீரியல் செட், குழல் விளக்கு, பாக்ஸ், ஆம்ப்ளிபயர்.
முளைப்பாரிக்கு ஒரு ரேட்டு, காதுகுத்துக்கு ஒரு ரேட்டு.
ஊருக்கெல்லாம் நான் வாடகைக்கு விடுவது
என் மகளுக்கு ஆகாது என்று தெரியவே
மூன்று வருஷம் ஆயிற்று.

முதலில் வயிற்றில்தான் வந்தது, ஆறு வயதில்.
பூச்சி என்றோம்.
குடலேற்றம் என்று ஒருவர்
விளக்கெண்ணெய் தடவிவிட்டார்.
பிறகு தலைக்குப் போனது.
கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள்;
கண் டாக்டர், "கழுகுப் பார்வை, கூட்டிட்டுப் போங்க" என்றார்.
"கணக்குப் பரீட்சைன்னா மட்டும் எப்படிம்மா கரெக்டா வருது?"
டீச்சர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸிந்தா
எங்களைக் கேட்கவில்லை.
பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டி
"வலியை வரை" என்றார்.

ரம்பப் பல் போல ஒரு கோடு,
பிறை மாதிரி வளைந்து.
"முதல்ல இது மினுக்கும்.
போர்டுல பாதி எழுத்தத் தின்னுரும்.
அப்புறம் இங்க ஒருத்தன் உறுமி அடிப்பான்."
இடது பொட்டைத் தொட்டுக் காட்டினாள்.
என் கடை ரன்னிங் லைட்டு
அப்படித்தான் ஓடும்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"
"இல்லைங்க" என்றேன்,
பரம்பரைக்கே சான்றிதழ் கொடுப்பவன் மாதிரி.
பின்னால் நின்ற முத்துராக்கு
"எனக்கு இருக்கு" என்றாள்.

மாதம் மூன்று நாள்.
கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே.
பன்னிரண்டு வருஷம்.
இட்லி ஊற்றிய காலைகள்,
கடைக்கு வந்து பில் எழுதிய மாலைகள்,
வாசலில் பாக்ஸை வைத்து
"செக், செக்" என்று நான் கத்திய ராத்திரிகள்.
எந்த எந்த நாள் என்று கேட்கவில்லை.
கேட்க வாய் வரவில்லை.
பஸ்ஸில்தான், "சொல்லிருக்கலாம்ல" என்றேன்.
"சொன்னா? காப்பி போட்டுக் குடிம்பீங்க."
யானைக்கல் வரும்வரை
கண்டக்டர் விசில் மட்டும்தான்.

இப்போது ஒரு நோட்டு இருக்கிறது.
டாக்டர் எழுதச் சொன்னது.

"செவ்வாய். காலைல சாப்பிடல. பி.டி. பீரியட், வெயில். 11 மணிக்குப் பல் வந்துச்சு. வாந்தி 1. தூங்கினேன், போச்சு."

"சனி. நேத்து அத்தை வீட்ல ஒரு மணி வரை முழிச்சேன். வலி."

"ஞாயிறு. பருத்திப்பால் குடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல. அது நல்ல பால்."

பல் தெரிந்ததும் மாத்திரை,
உறுமிக்காரன் வந்து உட்காருவதற்குள்.
எழுதிக் கொடுத்த அளவுதான்.
வாரம் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால்
திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.
தண்ணீர் பாட்டில், நேரத்துக்குச் சோறு,
ஒன்பதரைக்குப் படுக்கை.
அவ்வளவுதானா என்று கேட்டேன்.
"அவ்வளவையும் தினமும் செய்யணும்" என்றார்.

உள்ளறை ஜன்னலை ஒரு ஃப்ளெக்ஸால் மூடியிருக்கிறேன்.
பாக்கி தராத பார்ட்டியின் காதணி விழா.
தெருவைப் பார்த்துப் பதினேழு தாய்மாமன்கள்
கும்பிட்டுச் சிரிக்கிறார்கள்.
உள்ளே நல்ல இருட்டு.

ஆடித் திருவிழாவுக்குக் கம்பத்தில் கட்டிய குழாயை
நானே ஏறி வைகைப் பக்கம் திருப்பினேன்.
"நீயே இப்படிச் செஞ்சா எப்படிண்ணே?"
கமிட்டிக்காரர்களுக்குப் பதில் சொல்லவில்லை.
மீனுக்குத் தலைவலி வருமோ என்னவோ.
வர, ஆற்றில் தண்ணீரும் இல்லை.

நேற்று பேனா தேடும்போது
நோட்டைப் புரட்டினேன்.
ஸ்கேல் வைத்து, நடுவில்
சிவப்புக் கோடு கிழித்திருக்கிறாள்.
வலப்பக்கம் தலைப்பு: அம்மா.
கீழே ஒரு வரி.

"புதன். கேட்டேன், இல்லைன்னாங்க. லைட்டப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினாங்க. நானே எழுதிட்டேன்."