ஆறு நாற்பத்தொன்று

சாலையோரம் ஒரு தகரப் பெட்டி.
கூரைமேல் காளான் குடைபோல் அதன் மூக்கு.
மழை என்றில்லை, பனி என்றில்லை,
மணிக்கு இரண்டே கால் கனமீட்டர்
வூப்பர்டாலின் காற்றை
இழுத்துக்கொண்டே இருக்கும்.
விடுவது என் திரையில்.

பதினைந்து நாளுக்கொரு முறை
வடிதாள் மாற்ற ஏணியோடு போவேன்.
வெள்ளையாய் வைத்ததைச் சாம்பலாய் எடுப்பேன்.
ஒற்றைத் தலைமயிரின் குறுக்கே
முப்பது பேர் வரிசையில் நிற்கக்கூடிய துகள்கள்.
யார் டீசல், யார் டயர்,
யார் மேட்டுத்தெரு விறகடுப்பு என்று
ஊர் பேர் கேட்காது பெட்டி.
எல்லாரையும் சேர்த்து ஓர் எண்.

நவம்பரில் பள்ளத்தாக்கு
மூடி போட்ட பானையாகிவிடும்.
தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலே
வெறும் சத்தமாகப் போகும்.
அந்த மாதம்தான் கவனித்தேன்:
காலை ஆறு நாற்பத்தொன்றுக்கு
கோட்டில் ஒரு முள்.
ஞாயிறு மட்டும் இல்லை.

பம்பைக் கழற்றினேன். குழாயை ஊதினேன்.
"கருவிக்கு விக்கல்" என்றான் ஹார்ட்விக்.
ஒரு விடியலில் காரை எதிரே நிறுத்திக் காத்திருந்தேன்.

வந்தார்.
ஆரஞ்சு மேலங்கி, கையில் சாப்பாட்டு டப்பா.
பெட்டியின் வெதுவெதுப்பில் முதுகைச் சாய்த்து
ஒரு சிகரெட்.
ஆறு நாற்பத்தைந்துக்குப் பேருந்து.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றிருக்கலாம்.
இறங்கவில்லை. குளிர், அவ்வளவுதான்.
விதிப்படி 'உள்ளூர் இடையூறு' என்று குறித்து
தினமும் நான்கு நிமிடங்களை அழித்தேன்.
நகரம் விட்ட மூச்சில்
ஒருவர் விட்டதைக் கழித்தால்
வருவதுதான் சரியான அளவு.
அழிக்கும்போது, ம், வந்துவிட்டார் என்று
காப்பியை ஒரு வாய் குடிப்பேன்.

பிப்ரவரியில்
ஒன்பது நாள் முள் இல்லை.
இஸ்திரி போட்டதுபோல் கோடு.
"பார், சரியாகிவிட்டது" என்றான் ஹார்ட்விக்,
தானே பழுது பார்த்தவன்போல்.

வேலை மாறியிருக்கும்.
வீடு மாறியிருக்கும்.
சிகரெட் நின்றதா
பிடித்தவர் நின்றாரா என்று பிரித்துச் சொல்ல
குறியீட்டுப் பட்டியலில் எண் இல்லை.
முப்பத்தேழு குறியீடுகள்,
மின்தடை, பூச்சி, பட்டாசு,
மூக்கில் கூடு கட்டிய குருவிவரை இருக்கிறது.

பத்தாம் நாள் போனேன்,
ஏணி இல்லாமல், முறை நாளும் இல்லை.
கரி படிந்த தகரத்தில்
ஒரு முதுகளவு இடம் மட்டும்
தேய்ந்து பளிச்சென்று இருந்தது.
அதன் மேலும் மெல்லிசாய் ஒரு படலம்.
விரலால் தொட்டேன்:
ஒன்பது நாள் கனம்.

நானும் சாய்ந்து பார்த்தேன்.
வெதுவெதுப்பு உண்மைதான்.
ஆறு நாற்பத்தைந்துக்குப் பேருந்து வந்தது,
கதவைத் திறந்தது.
ஓட்டுநர் என்னைப் பார்த்தாள்,
பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்,
இன்னும் யாரோ வரவேண்டும்போல்
கொஞ்சம் நின்றாள்.