நாற்பத்தொன்றாம் சென்டிமீட்டர்

முகப்புக் கல்லில் 1874 என்று வெட்டியிருக்கிறது.
அந்தக் கல்லை கிரேன் தூக்கி வைத்ததை
நான் பார்த்திருக்கிறேன்.
2011, தோஹா, மே மாதத்து வியாழக்கிழமை.
புழுதிக்காற்று எழுந்து
புத்தம்புது நூற்றாண்டின் கண்ணில் மணல் விழுந்தது.

மூல வளாகம் எங்கோ பனி கொட்டும் ஊரில்.
சீனி விற்றுச் சேர்த்த சொத்தை
தம்பி பிள்ளைகளுக்குத் தர மனமில்லாத ஒருவர்
கோபத்தில் உயிலை மாற்றி எழுத,
கோபம் கல்லூரியாகி
கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று.
பெண்களைச் சேர்க்கலாமா என்று
ஐம்பத்தெட்டு வருடம் யோசித்தார்கள்.
வரவேற்பு நாள் ஸ்லைடில்
அந்த ஒரு வரி மட்டும் சின்ன எழுத்து.
அரங்கில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பு அபாயா.
ஸ்லைடு சீக்கிரம் நகர்ந்துவிடும்.

அங்கிருந்து ஓக் மரக்கன்று வந்தது,
குளிரூட்டிய வேனில், பாஸ்போர்ட் மாதிரி ஒரு தாளோடு.
செத்தது.
மறுபடி வந்தது. மறுபடி செத்தது.
மூன்றாவதும் போன பிறகு
அதே குழியில் ஒரு சித்ர் மரம் வைத்தார்கள்.
பித்தளைப் பலகை மட்டும்
இன்றும் ஓக் என்கிறது.

என் அடையாள அட்டையில் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
தையல்நாயகியில் நாயகிக்கு இடமில்லை.
ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில்
நான் 'ஆய்வக உதவி'.
புகாரில்லை; தகவல்.

அல் கோர் கழிமுகம். அலையாத்திக்கு இங்கே குர்ம் என்று பெயர்.
முழங்கால் சேற்றில் நின்று
ஒன்றரை மீட்டர்க் குழாயை இறக்கினோம்.
வாய்மூடி இழுக்கும்போது
சேறு ஒரு பெருமூச்சு விட்டது.
ஆய்வகத்தில் நெடுக்காகப் பிளந்து
சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு,
துண்டுக்கு ஒரு பை,
அறுபது டிகிரியில் உலர்த்தி
ஈயத்தின் தேய்மானத்தை எண்ணுவது என் வேலை.
பன்னிரண்டில் பெட்ரோல் புகை.
இருபத்தைந்துக்குக் கீழே வண்டிகள் இல்லை.
முப்பதுக்கும் கீழே
சேறு சேறாக மட்டும் இருக்கிறது.
நாற்பத்தொன்றில், வாய் விளிம்பில்
கத்தி பட்ட தழும்போடு
பாதிச் சிப்பி.
கணக்குப் போட்டேன்.
1874.

நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கு
இரண்டு வாரம் இருந்தது.
மௌஸாதான் சொன்னாள், இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே என்று.
இறுதியாண்டு மாணவி; பைப்பெட்டை
பேனாபோல் சுழற்றுகிறவள்.
"எங்க வீட்டுல அந்த வருஷத்துக்கு ஒரு காகிதம்கூட இல்ல.
முத்துக் குளிச்ச கடன் கணக்கு உண்டு.
அது கப்பல்காரர் வீட்டுல இருக்கு."
சிரித்துக்கொண்டே சொன்னாள்.
அவள் பார்வை சிப்பியில் இருந்தது.

பெட்டி வந்தது.
ஒரு பக்கம் நிறுவனரின் மைப்பேனா,
மறுபக்கம் நாற்பத்தொன்றாம் சென்டிமீட்டர்.
விளக்க அட்டையில் ஆண்டுக்குப் பக்கத்தில்
'கூட்டியோ குறைத்தோ ஆறு வருடம்' என்று
எழுதிக் கொடுத்திருந்தேன்.
விழாக்குழு அடித்துவிட்டது.
விருந்தினர்கள் குழம்புவார்களாம்.
பேராசிரியர் வெர்மியூலன் தோளைக் குலுக்கினார்.
நான் அட்டையின் பின்பக்கம்
பென்சிலால் அந்த ஆறை எழுதி
முன்பக்கம் பார்க்க ஒட்டினேன்.

பிரவோஸ்ட் பறந்து வந்து கேட்டார்:
"சிப்பிக்குள் முத்து இருந்ததா?"
"திறந்தவனுக்குத்தான் சார் தெரியும்" என்றேன்.
மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை,
ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.
இருந்தாலும் கொஞ்ச நேரம்
யாரும் எதுவும் பேசவில்லை.
பிறகு கேக் வெட்டினார்கள். அடுக்கடுக்கான கேக்.

காலையில் அந்தக் கல்லைக் கடக்கும்போது
மனசுக்குள் ஆறு கூட்டுகிறேன்,
ஆறு கழிக்கிறேன்.
நாற்பத்திரண்டுக்குக் கீழே
ஈயத்தின் கடிகாரம் ஓடாது.
நூற்றிச் சொச்சம் பைகள்
குளிர் அறையின் கடைசித் தட்டில் இருக்கின்றன,
ஆண்டில்லாமல்,
என் கையெழுத்தில் ஆழம் மட்டும் குறித்து.