நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கையில் புத்தகத்தோடு வருகிறார்கள்.
தடிக்காரன்கோணம் தாண்டி
கீரிப்பாறையில் பஸ் இறங்கியதும் முதல் கேள்வி:
யட்சி நின்ற பாலைமரம் எது?

மரம் இங்கே இல்ல, மக்களே.
அது கள்ளியங்காட்டில் அவர் கேட்ட கதை.
முதல் அத்தியாயத்துப் படிக்கட்டு
பத்மநாபபுரம் கொட்டாரத்தில் அவரை இடறிவிட்டது.
சங்கிலிச் சத்தம் உதயகிரிக் கோட்டை.
எல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்து
எஸ்டேட் பங்களாவுக்குள் பூட்டிவைத்தார்
அந்த எழுத்துக்காரர்.
கார்த்திகை மாசம். எட்டு நாள் தங்கல்.
இரண்டு கம்பளி போதாதென்று
வாட்சர் செல்லநேசனின் கம்பளியையும் வாங்கிப் போர்த்தினார்.

ஆனால் அந்த வெளிச்சம் நான்தான்.

விடிய மூணு மணி. நெற்றியில் கார்பைடு விளக்கு.
குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து
முந்நூறு மரம்.
பட்டை சீவினால் வெள்ளையாய் இறங்கும்,
சிரட்டைக்குள் சொட்டும்.
மாடி ஜன்னலில் நின்றவர் எழுதிக்கொண்டார்:
ஒருத்தி மரங்களின் கழுத்தைக் கடித்துப் போகிறாள்.
நாள்கூலி ஒன்பது ரூபாய்
அதில் எழுதவில்லை.

சுண்ணாம்பு கேட்டாளாம் யட்சி.
கேட்டேன். குளவி கொட்டியிருந்தது.
கதவிடுக்கு வழியாக டப்பி வந்தது,
நீட்டிய கை
தீயில் பட்டதுபோல உள்ளே போனது.

எனக்கு வாசிக்கத் தெரியும்.
ஆனாலும் வருகிறவர்களிடம் கேட்பேன்:
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
ஒரு தரம், கொஞ்சம் உரக்க.

அதில் ஒரு பிள்ளை அழும்.
‘தொண்டை இல்லாத அழுகை’ என்று போட்டிருக்கிறார்.
தொண்டை இருந்தது. பேரும் இருந்தது, ஜெபநேசன்.
இரண்டு மரத்துக்கு நடுவே சேலைத்தொட்டில்,
வரிசை முடித்து நான் திரும்பும்வரை
காடு முழுக்க அவன் குரல்தான்.

தை பிறந்து நாலாம் நாள் காய்ச்சல்.
ஜீப்புக்குச் சொல்லியனுப்பினோம்.
ஜீப்பும் வந்தது.
ஞானஸ்நானம் ஆகாததால் சபைப் பதிவில் இல்லை.
போட்டோ ஏது அந்தக் காலத்தில்.

அடுத்த பக்கம் திருப்ப விடமாட்டேன்.
அங்கே யட்சி பிள்ளையைத் தின்கிறாள்.

போன மாசம் வந்த பெண்ணுக்கு நல்ல குரல்.
அழுகையை அழுகிற மாதிரியே வாசித்தாள்.
ரவிக்கை நனைந்துவிட்டதோ என்று
சட்டென்று குனிந்து பார்த்தேன்.

எனக்கு வயது அறுபத்துநாலு.